நம்பர் கேட்காத கார்டு

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு.

இன்று டியூஷன் முடிந்ததும் பதுளையில் ஒரு பேக்கரியில் தோழிகளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்த அவருடைய பேங்க் கார்டை மெசினில் தொட்டேன். அவ்வளவுதான், காசு போய்விட்டது.

"என்னடி, பெரிய ஆளாகிட்ட!" என்று சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொழுந்து பறிக்கிற சம்பளம் பேங்குக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அம்மா சொல்வார்: "நம்பரு என் மனசுல இருக்கு. வேற யாரும் ஒரு சல்லி எடுக்க முடியாது."

மெசினில் கார்டைத் தொட்டால் சின்னத் தொகைக்கு நம்பரே வேண்டாம் என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மாலையில் அம்மா தன் போனை நீட்டினார். பேங்க் மெசேஜ், ஆங்கிலத்தில்.

"என்னா போட்டிருக்கு? வாசி புள்ள."

"வெளம்பரம்மா" என்றேன். உடனே நம்பிவிட்டார். நான் செலவழித்தது, அவர் கண்ணாடி போடுவதற்காகப் பேங்கில் விட்டுவைத்த காசு.

கேக்கும் அப்படியொன்றும் நன்றாக இல்லை. இதை அம்மாவிடம் எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்க...

அம்மா கதவைத் தட்டுகிறார்.

"தூங்கிட்டியா புள்ள? நாளைக்குக் காசெடுக்க பசறை டவுனுக்கு நீயும் வா. நான் நம்பர அமத்துறப்ப யாரும் பாக்காம பின்னுக்கு நின்னுக்க."