வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களைக் குறைத்தார்கள். வெள்ளைக்கார ஆசிரியைகள் இரண்டு பேர் கப்பலேறிப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. மூன்றாம் படிவத்தின் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் இருந்த மடக்குக் கதவைத் திறந்துவிட்டு, இனி இது ஒரே வகுப்பு என்றார்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பெண்கள். தையல் சொல்லிக்கொடுத்தவர் பூகோளம் நடத்தினார். பாவம், வரைபடத்தில் எதைத் தேடினாலும் அவருக்கு முன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தி என் தொண்டை புண்ணாகிப் போனது.

இதெல்லாம் போதாதென்று, இன்னும் ஒரு ஆள் அதிகம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தற்காலிக ஆசிரியைகள் நாங்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருத்தி கம்போங் செட்டி என்ற பழைய செட்டிக் குடியிருப்பின் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான் காஜா பெராங்கில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அவள் வீடு கூப்பிடு தூரம். தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. என்னோடும் மலாயில்தான் பேசுவாள், ஆனால் வாய் நிறைய அக்கா என்பாள். தினமும் சேர்ந்தே பள்ளிக்கு நடந்து போவோம்.

தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, பிறகு சேர்ந்தவர் போவதுதான் நியாயம் என்றார். நாங்களோ ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்படியானால் அந்த நாளின் வருகைப் பதிவேட்டில் யார் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ அவர் இருக்கட்டும் என்று முடிவு சொன்னார். பழைய பதிவேடு கல்வி இலாகாவுக்குப் போயிருந்தது. திரும்பி வர மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். பெண்பிள்ளை டவுனில் வேலை பார்த்தது போதும் என்று சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருமுறை திரும்பினால் பிறகு வெளியே விடமாட்டார்கள்.

அந்த முதல் நாளை நினைத்து நினைத்துப் பார்த்தேன். மேசைமேல் பதிவேடு, அவள் கையில் பேனா. இது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. அப்படியென்றால் அவள்தான் முந்திக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் தப்பில்லை என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். காலையில் அவள் வருவதற்கு முன்பே கிளம்பிப் போனேன். சாலையில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் மாறி நடந்தேன். பள்ளியிலும் அவளை வாய் திறக்க விடாமல் நழுவினேன். எனக்கு எப்போதுமே இந்தப் பாழாய்ப்போன கோபம்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "என்னா லா இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி? அந்தப் பொண்ணு இன்னைக்கும் வந்து வாசல்ல நிக்குது."

"தலைவலின்னு சொல்லிடுங்க அண்ணி."

"மூணாவது தடவை வருது. மூணு தடவையும் உனக்குத் தலைவலி. எனக்கே இப்ப தலை வலிக்குது."

பதிவேடு வந்தது. தலைமையாசிரியை பக்கத்தைத் தேடிப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலே என் கையெழுத்து. அதற்குக் கீழேதான் அவளுடையது. அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வேறு யாருமே நினைவில் இல்லை. அப்பா இல்லை, அவளும் இல்லை. அப்புறம்தான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும், உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்," என்றாள் மலாயில். "பேனாவில் மை இறங்கவில்லை. நான் உதறிச் சரிசெய்து, அக்கா முதலில் போடுங்கள் என்று உங்கள் கையில் கொடுத்தேன். அக்காவுக்கு மறந்துபோயிருக்கும், வீணாகப் பயந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் மூன்று தடவை வீட்டுக்கு வந்தேன்."

போகப்போவது தன் வேலை என்று தெரிந்துகொண்டே என் பயத்தைத் தெளிவிக்க வந்திருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு தலைவலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவள் என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். அவள் பார்த்துவந்த பிள்ளைகளில் யாருக்குக் கரும்பலகை தெரியாது, யார் சாப்பிடாமல் வருகிறாள், யாரை அதட்டினால் அன்று முழுக்கப் பேசமாட்டாள் என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அத்தனை பேரும் எனக்குத்தான். அவள் எழுதித் தராவிட்டால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

மறுமாதம் தெங்கேராவில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சேதி காதில் விழுந்த பிறகுதான், என் வேலை எனக்கு மிஞ்சியது என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.