மறுவரவுக்குக் காரணம்

சிவகாசியில் என் வீட்டுச் சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில் உட்கார்ந்து, ஐந்து வருடங்களாக இங்கிலாந்துக்காரர்களின் பாட்டுகளுக்குக் குறிப்பு எழுதி வருகிறேன். அங்கே வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் அதிகம் கேட்கப்பட்ட நூறு பாப் பாடல்களின் தரவரிசை வெளியாகும். முதன்முறையாக அதில் நுழையும் பாட்டு புதுவரவு. முன்பு இருந்து, வெளியே போய், மறுபடி வருவது மறுவரவு. இந்த இரண்டு வகைக்கும் மூன்று மூன்று வரி எழுதிச் சனிக்கிழமை காலையில் அனுப்ப வேண்டும். யார் பாடியது, முன்பு எப்போது வந்தது, இப்போது ஏன் வந்திருக்கிறது. அங்குள்ள ஓர் இசை இணையதளம் அதைத் தங்கள் நேரப்படி காலை ஆறு மணிக்கு வெளியிடும். குளிர்காலத்தில் நமக்கு அது பதினொன்றரை.

புதுவரவு சுலபம். மறுவரவுக்குத்தான் யோசிக்க வேண்டும். பழைய பாட்டு தானாகத் திரும்பாது. ஏதாவது படத்தில் வந்திருக்கும், விளம்பரத்தில் ஒலித்திருக்கும், கிறிஸ்துமஸ் நெருங்கியிருக்கும். ஒரே பாடகரின் இரண்டு மூன்று பழைய பாட்டுகள் ஒரே வாரத்தில் திரும்பினால், அவர் இறந்திருப்பார். இது என் அனுபவத்தில் ஒருமுறையும் தவறியதில்லை.

அந்த நவம்பர் சனிக்கிழமை பட்டியலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாடகரின் இரண்டு பாட்டுகள் திரும்பியிருந்தன. இரண்டும் நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். அவசரமாகத் தேடினேன். அவர் பாட்டின் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அழுதிருந்தார்கள். "போய்விட்டாயே" என்று ஒருவர். "என் இளமையும் உன்னோடு போனது" என்று இன்னொருவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. "பாடகரின் மறைவைத் தொடர்ந்து" என்று ஆங்கிலத்தில் எழுதி, எட்டரைக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. துவைத்த துணியை மாடியில் காயப்போட்டுக்கொண்டே செல்போனில் அவருடைய பாட்டைப் போட்டேன். இறந்தவருக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்றுதான். பாட்டு முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடியது. அதே பாடகர், தன் தோட்டத்தில், மடியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியில் நாயகன் சாகும் காட்சிக்குத் தன் பாட்டுகளை வைத்ததற்கு நன்றி சொன்னார். வீடியோ பதிவாகிப் பதினைந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அத்தனை பேரும் அழுதது தொடரில் செத்த நாயகனுக்காக. கையிலிருந்த ஈரத்துணியை எங்கே போட்டேன் என்று இப்போதும் நினைவில்லை.

அனுப்பிய குறிப்பைப் பத்து மணி வரை நானே திரும்பப் பெறலாம். ஆனால் அது என் மடிக்கணினியில் மட்டும்தான் முடியும். அதன் பேட்டரி உப்பிப்போய்க் கழற்றி ஒரு வருடம் ஆகிறது. ஒயர் சொருகினால்தான் உயிர் வரும். தளத்தின் ஆசிரியர் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஓர் அம்மா. அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கே விடியற்காலை நான்குகூட ஆகவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தும் பதில் இல்லை.

என் கணவர் இரண்டு தெரு தள்ளி ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறார். அங்கே ஜெனரேட்டர் உண்டு. கணினியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். காலெண்டர் சீசன். தெருவை அடைத்து ஒரு லாரி லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் போகப் பார்த்தேன்.

"எக்கா, கொஞ்சம் பொறுங்க, கட்டு சரிஞ்சிரும்" என்றார் லோடுமேன்.

பொறுத்து நின்ற அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் என் அம்மாவின் முகம் வந்தது.

என் அப்பா சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். நான் பத்தாவது படிக்கும்போது ஓர் ஆலையில் விபத்து. ஊருக்குள் வந்த முதல் தகவலில் அப்பாவின் பெயர் இருந்தது. அம்மா செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு அப்பா பஸ்சிலிருந்து இறங்கி வந்தார். வேன் டயர் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அம்மா அவரை நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செத்தது அதே பெயர்கொண்ட வேறொருவர். மறுநாள் காலையில் அம்மா அந்த வீட்டுக்குப் போனாள்.

லாரி நகர்ந்தது. அச்சகத்துக்குள் நுழைந்தபோது பத்தாக மூன்று நிமிடம்.

"என்னம்மா, இம்புட்டு பதட்டமா வாறீக?" என்று முதலாளி எழுந்தார்.

"ஒரு பிளக் பாயிண்ட் வேணும்ணே."

தன் மேசைக்குப் பக்கத்திலேயே காட்டினார். கணினி மெல்ல விழித்தது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். பக்கம் திறந்தபோது என் குறிப்பின் மேல் பூட்டுப் படம் விழுந்திருந்தது. மணி பத்து ஒன்று.

மெஷினை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, கையில் மையோடு என் கணவர் வந்தார். "என்ன ஆச்சு? வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லைல?"

"உசுரோட இருக்கிறவரைச் செத்துட்டாருன்னு எழுதிட்டேங்க."

அவர் மைக்கையைத் துடைத்துக்கொண்டார். "போன் போடு. எடுக்கிற வரைக்கும் போடு" என்றார்.

ஆசிரியரின் செல்போன் ஒலித்து ஒலித்து அடங்கியது. அவர் பழைய மின்னஞ்சல் ஒன்றின் அடியில் வீட்டு எண் இருந்தது. அதற்கு அழைத்தேன். மூன்றாவது முறை ஓர் ஆண்குரல், தூக்கக் கலக்கத்தில், ஆங்கிலத்தில் கேட்டது: "யார் இறந்துவிட்டார்கள்?"

ஆசிரியரின் கணவர். அந்த நேரத்துக்கு வீட்டுப் போன் அடித்தால் எந்த ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள் போல.

"யாரும் இறக்கவில்லை ஐயா" என்றேன். "யாரும் இறக்கவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். தயவுசெய்து உங்கள் மனைவியை எழுப்புங்கள்."

அந்த அம்மா வந்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். "இணைப்பிலேயே இரு" என்றார். மாடிப்படி இறங்கும் சத்தமும் விசைப்பலகைச் சத்தமும் கேட்டன. பின்னால் அச்சகத்தில் காலெண்டர்ப் படத்து முருகனும் மயிலும் தாள் தாளாக விழுந்துகொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு அவர் சொன்னார்: "தளத்தில் வரவிருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் சந்தாதாரர்களுக்கு முன்கூட்டியே போகும் மின்னஞ்சல் பதிப்பு பத்து நிமிடம் முன்பே சிலருக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப அழைக்க முடியாது. திருத்தம் அனுப்புகிறேன்."

போனை வைத்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி டீ சொல்லிவிட்டு, "அவுக உசுரோட தான இருக்காக? பெறகென்ன. குடிங்கம்மா" என்றார். என்னால் குடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அந்த அம்மாவே அழைத்தார். பாடகரின் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். முதலில் அந்த மின்னஞ்சலைப் பார்த்தது அவர்தான். அப்பா போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். மகள் இருபது நிமிடம் விடாமல் அழைத்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிக் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறார்.

என் வேலை போகவில்லை. இரண்டு மாதத்துக்குப் புதுவரவு மட்டும் கொடுத்தார்கள். மறுவரவை வேறொருவர் எழுதினார். அது நியாயம்தான். என் மனதில் நின்றது அந்த இருபது நிமிடம். மகளின் முகவரியைக் கேட்டு வாங்கி எழுதினேன். நான் எங்கே இருக்கிறேன், எப்படித் தவறினேன், எதைப் பார்க்காமல் விட்டேன் எல்லாவற்றையும் எழுதினேன். அப்பாவின் வேன் கதையையும் எழுதிப் பிறகு அழித்துவிட்டேன். அது இரக்கம் கேட்பதுபோல இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. "அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை."

சமையலறையில் இருந்த என் கணவரிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"நீ என்ன எழுதப்போற?" என்றார்.

"ஒண்ணும் எழுதலைங்க" என்றேன். "சரியாத்தான சொல்லியிருக்காங்க."