கூட ஆள் இல்லாமல் வந்தவள்

திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணி. சென்னையில் விமானம் இறங்கி, அங்கிருந்து இரவெல்லாம் ரயிலில் உருண்டு, திருவனந்தபுரத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கினேன் என்று எழுதுவது சுலபம். பெட்டி வாசலில் மூன்று படி. என் இரண்டு முட்டிகளும் பல வருடமாக என்னோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. பின்னால் நின்ற ஒரு குடும்பமே "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்க, பிளாட்பாரத்தில் காலை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மலேசியாவில் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறேன். பெயர் சரோஜா, வயது நாற்பத்து நான்கு. திருவனந்தபுரத்துக்கு வந்தது எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊர் இன்சூரன்ஸ்காரர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பு பெருக்கிறது நோயின்னு எங்க தாள்ல இல்லக்கா" என்றார். சர்க்கரை வியாதி தாளில் இருக்கிறதாம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருக்கிறதாம், இதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்த உடம்பு மட்டும் இல்லையாம். ஊரில் தனியார் மருத்துவமனையில் முப்பத்தெட்டாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார்கள். இங்கே நாலு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்; எங்கள் கணக்கில் ஏறக்குறைய இருபத்தோராயிரம் வெள்ளி. என் கைக்காசுக்கு அதுதான் எட்டியது.

வீட்டில் சொன்னது வேறு. பத்மநாப சுவாமி, சுசீந்திரம், கன்னியாகுமரி என்று இருபத்தோரு பேர் சேர்ந்து கோவில் பயணம் போகிறோம் என்று என் கணவர் மணியத்திடம் சொல்லியிருந்தேன். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். ஒருமுறை இந்த ஆபரேஷன் பேச்சை எடுத்ததற்கு, "வாயைக் கட்டுனா போதும், எதுக்குக் கத்தி?" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றோடு அந்தப் பேச்சை நானும் விட்டேன், பணத்தைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. ஓட்டுநர் ஜஸ்டின், களியக்காவிளைப் பக்கத்துத் தமிழர். நான் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, நடுவுல இரிங்கோ. பேடிக்காண்டாம், நம்ம வண்டி தாங்கும். கூட ஆரும் வரல்லியா?"

"இல்லை."

"ஒற்றைக்கா ஆஸ்பத்திரி காரியத்துக்கு வந்தீங்க?" அவர் முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் கேள்வியை அடுத்த பதினோரு நாளில் எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒன்றேகால் கிலோமீட்டர் தூரம். மீட்டர் முப்பது ரூபாய் காட்டியது, முப்பது ரூபாய்தான் வாங்கினார்.

தங்க ஏற்பாடு செய்திருந்தது வலியசாலை அக்கிரகாரத் தெருவில் பத்மா மாமி வீட்டில். ஐம்பத்தைந்து வயது, பாங்கில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். கீழே முன்னறையை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார், எண்ணூறு ரூபாய். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"வாங்கோ, வாங்கோ. ஆத்துக்காரர் பின்னாடி வராரா?"

"யாரும் வரவில்லை, மாமி."

"ஒண்டியாவா வந்தேள்? ஈசுவரா!"

செவ்வாய், காலை எட்டு மணி. மருத்துவமனை ஏழு கிலோமீட்டர். ஜஸ்டினின் ஆட்டோவில் நூற்றிருபது ரூபாய். முதலில் எடை பார்த்தார்கள். என் வீட்டுத் தராசில் நூற்றிருபதுக்கு மேல் எண்ணே கிடையாது. முள் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும், நானாக ஒரு ஐந்து கிலோ சேர்த்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொள்வேன். இங்கே நடைபாதையிலேயே, போகிற வருகிறவர்கள் நடுவில், தரையோடு தரையாக ஒரு மேடை. ஏறி நின்றேன். நர்ஸ் சத்தமாகப் படித்தார்: நூற்று நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

நான் இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண். பதினாறு கிலோவை எத்தனை வருடமாக எனக்கே தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்! கேன்டீனில் ஒரு மூட்டை அரிசியை நகர்த்த ஆள் தேடுகிறவள் நான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து பதிவுக் கவுண்டர். ரேஷ்மா என்று பெயர் குத்தியிருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். "பைஸ்டாண்டர் ஆரு மேடம்?"

எனக்குப் புரியவில்லை. விளக்கினாள். இங்கே நோயாளி என்றால் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவருக்குத்தான் பைஸ்டாண்டர் என்று பெயர். அவருக்குத் தனி அட்டை, நோயாளியின் கட்டிலுக்குக் கீழே இழுத்துப் போடத் தனிக் கட்டில், கேன்டீனில் தனிச் சாப்பாடு. மருந்து வாங்கி வருவது, ரத்தக் குப்பியோடு லேபுக்கு ஓடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. ஆபரேஷனுக்கு என்றால் சொந்தக்காரராகவும் இருக்க வேண்டும்.

"எனக்கு யாரும் இல்லை. பணம் முழுக்கக் கட்டிவிடுகிறேன்."

ரேஷ்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "பைசா இல்லாட்டி நமக்கு எதாவது செய்யலாம் மேடம். பைஸ்டாண்டர் இல்லாட்டி அட்மிஷன் பற்றில்ல, முடியாது."

விசா, விடுப்பு, பணம், பொய், எல்லாவற்றையும் இவ்வளவு கச்சிதமாக அடுக்கியவளுக்கு, ஆஸ்பத்திரியில் ஆளைக் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லையே! எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டரைக்கு உறவினர்களை உள்ளே விடுவார்கள், இரண்டு மணிக்கு மணியடித்து விரட்டிவிடுவார்கள். நோயாளி தனியாகத்தான் கிடப்பார். அடுத்த வார வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். "அதுக்குள்ள ஆளைக் கொண்டு வரணும்" என்றாள் ரேஷ்மா.

புதன் முதல் ஞாயிறு வரை எழுத அதிகம் இல்லை. கல்லீரல் சுருங்க வேண்டும் என்பதால் பத்து நாளைக்குத் திரவம் மட்டும்: மோர், வடிகட்டிய சூப், பொடி கரைத்த புரதப் பால். காலையில் ஸ்கேன், மதியம் இதயப் பரிசோதனை, ஒரு நாள் தொண்டை வழியாகக் குழாய். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுக்கு மோர் குடித்துக்கொண்டு அடுத்த வீட்டுத் தாளிப்பை மோப்பம் பிடிப்பது பெரிய தண்டனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூலைக் கடையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி பொரிப்பதைக் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினேன். வெட்கத்தைவிட்டு இதையும் எழுதுகிறேன்.

மாமியும் என்னளவுக்கு அவதிப்பட்டார். வீட்டில் ஒருத்தி பட்டினி கிடக்கும்போது தான் சாப்பிடுவது அவருக்கு ஆகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டுச் சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டார். இடையில் ஒரு நாள் கிழக்கேக்கோட்டைவரை போய், பத்மநாப சுவாமி கோவில் கோபுரத்தை வெளியிலிருந்தே படம் எடுத்து மணியத்துக்கு அனுப்பினேன். "நல்லா சாமி கும்பிடு. எனக்கும் சேர்த்து" என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு மாலை மாமியே வழி சொன்னார். "நான் வரேன் பைஸ்டாண்டரா. அக்கான்னு எழுதிக்கோங்கோ. யார் கேக்கப் போறா?"

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. படிவத்தில் எழுதினேன். பெயர்: பத்மா. உறவு: அக்கா. ரேஷ்மா அதை வாங்கி ஒரு முறை படித்தாள். என் பின்னால் நின்ற மாமியைப் பார்த்தாள். பிறகு அவள் வாய் மெல்லத் திறந்தது.

"மாமி, உங்களுக்கு மலேசியால தங்கச்சி உண்டோ?"

அவள் வீடும் வலியசாலைதான். அடுத்த தெரு! பள்ளிக்கூட நாட்களில் மாமியிடம் கணக்கு டியூஷன் படித்தவளாம். முதல் நாளே அவள் அட்டையில் பெயரைப் படித்தும், எந்தத் தெரு என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. மாமியோ, அது யார் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாட்டிக்கொண்டார்.

"சித்தப்பா பொண்ணு" என்றார் மாமி, முகத்தில் சலனமே இல்லாமல்.

"மாமீ..."

"சரி, இல்லை. அதனால என்னடி? அவளுக்கு யாருமில்லை."

ரேஷ்மா எங்களைத் திட்டவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போய்விட்டாள். கால் மணியில் கூப்பிட்டார்கள். சர்ஜன் ஐம்பது வயதுக்காரர், மலையாளி, மதுரையில் படித்த தமிழ்.

"கல்யாணம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஹஸ்பெண்ட் எங்க?"

"ஊரில்."

"அவருக்குத் தெரியுமோ?"

"கோவில் பயணம் என்று சொல்லியிருக்கிறேன்."

"நோக்கூ, நான் ஒளிக்காம சொல்றேன். உங்களுக்குச் சர்க்கரை உண்டு, மூச்சுப் பிரச்சினை உண்டு. பெரும்பாலும் நல்லாப் போகும். ஆனா டேபிள்லேர்ந்து எழும்பாமப் போறவங்களும் உண்டு. அப்ப நான் வெளிய போயி ஆருகிட்ட சொல்லணும்? வாடகை வீட்டு மாமிகிட்டயா? வீட்ல கள்ளம் சொல்லிட்டு என் டேபிள்ல கிடக்க வேண்டாம். இன்னிக்கு அவரை போன்ல விளிச்சு சொல்லுங்க. இல்லேன்னா டேட் கேன்சல்."

எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பு, என் காசு, இதில் யார் யாருக்கு அனுமதி தருவது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எழும்பாமல் போகிறவர்களும் உண்டு என்பதை அதுவரை நான் எனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

பகல் பதினொன்று பத்து. ஊரில் ஒன்று நாற்பது. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். மணியம் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார், திரையில் பஸ்ஸின் ஸ்டீயரிங் தெரிந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கோவில் இல்லை, குழு இல்லை, சுசீந்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை வயிற்றை வெட்டுகிறார்கள்.

திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நீ பாட்டுக்கு அங்க செத்துப் போயிருந்தா?" என்றார். "நான் என்னா பண்ணியிருப்பேன்? கன்னியாகுமரி கடற்கரையில ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் போட்டோவக் காட்டித் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்லா!"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போனை ஸ்டீயரிங் மேல் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்தது பஸ்ஸின் கூரை மட்டும், கேட்டது அவர் அழுகிற சத்தம். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் கேட்காத சத்தம். நான் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதருக்கு நான் போனால் ஒரு சமையல்காரிதான் குறையும் என்று எவ்வளவு திடமாக நம்பியிருந்தேன்! அந்த நம்பிக்கையில்தானே இத்தனை தூரம் வந்தேன்.

முன்பு தாய்லாந்தில் ஹாட்யாய் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. புதன்கிழமை மின்விசா வந்தது. வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜஸ்டினின் ஆட்டோ வலியசாலைத் தெருவில் நின்றது. மணியம் ஒரு சின்னப் பையோடு இறங்கினார். மாமிக்குக் கும்பிடு போட்டார். என்னைப் பார்த்து, "இளைச்சிட்ட" என்றார். பத்து நாள் மோரில் நாலரை கிலோ குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற குறைச்சல் இல்லை அது. ஆனாலும் சொன்னார்.

மாமி கடைசி நாளுக்கு வாடகை வாங்கவில்லை. "பட்டினி போட்டதுக்கு வாடகை வேறயா?" என்றார். திரும்பி வரும்போது மசித்த சாதம் தருவதாகவும், இரண்டு ஸ்பூனுக்கு மேல் கேட்டால் அடி விழும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். கிள்ளானில் இந்நேரம் மணி ஒன்பதேகால்; கேன்டீனில் இடைவேளைச் சமையலை முடித்து, நான் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானும் அவரும் ஒருவர் சாப்பிடுவதை ஒருவர் பார்த்தே வருடக்கணக்காகிறது. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த ஊர்க்காரர்கள் கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

தள்ளுவண்டிக் கட்டிலில் என்னை ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிரே நாற்காலிகளில் இருபது முப்பது பேர், எல்லாரும் யாருக்காவது கூட வந்தவர்கள். மணியம் மூன்றாவது வரிசையில், கழுத்தில் மாட்டிய அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே கூட வந்தவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை, நோயாளி பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"சரோஜயுடே பைஸ்டாண்டர்! சரோஜயுடே பைஸ்டாண்டர் ஆராணு?"

மலையாளம் ஒரு வார்த்தைகூடத் தெரியாத மனிதர், முன்னால் இருந்தவர் காலை மிதித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான்!" என்று கத்தினார். "இங்க இருக்கேன், நான்தான்!"