பற்றரியைக் கழற்றி எறிந்தவர் அவரல்ல

பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் கரகரத்தால், எங்கள் ஊரில் யாரும் கையில் இருக்கும் வேலையைத் தொடர்வதில்லை. அன்று முற்பகல் பத்தரை மணி இருக்கும். தட்டச்சு வகுப்பில் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை உயர்த்தியதும் எல்லா இயந்திரங்களும் நின்றன. மௌத்து அறிவித்தல். முதலில் இறந்தவரின் தகப்பனாரின் பெயரைச் சொன்னார்கள், பிறகு மாமனாரின் பெயரை. ஜுனைதீன் மாஸ்டர் என்று வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் உட்காரும் கதிரைக்கு முன்னால் வந்து நின்றேன்.

முந்தின நாள் பின்னேரம்தான் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்திருந்தேன். நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்க பயப்படாதீங்க மாஸ்டர். பயப்படுறதுக்குத்தான் நான் இரிக்கன்." கட்டிலில் கிடந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

கல்முனையில் அந்தத் தட்டச்சு வகுப்பை நாங்கள் இருவரும் பதினொரு வருடங்கள் சேர்ந்து நடத்தினோம், ஒருவரையொருவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் படித்தவர்கள் இன்று பல கந்தோர்களில் இருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருடைய பயத்தையும் தெரியும். அடையாள அட்டையின் போட்டோ பிரதிகளைச் சட்டைப் பையில் ஒன்றும் செருப்பின் அடியில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். ஒருமுறை வாசலில் லொறியின் டயர் வெடித்தபோது, பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாஸ்டர் மேசைக்குக் கீழே இருந்தார். வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க. பயந்தவன்தான் பொழுதுபட மஃரிபுக்கு ஊட்ட போய்ச் சேருவான்" என்றார். நானும் சிரித்தேன். அவர் பயந்தாங்கொள்ளி, நான் தைரியசாலி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

மூன்றாம் நாள் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிவிட்டு ஆண்கள் அவர் வீட்டு முற்றத்தில் பந்தலின் கீழ் இருந்தபோது, யாரோ அந்தக் கம்பியூட்டர் கதையை எடுத்தார். சோதனைச்சாவடியில் பயந்துபோய், புதுக் கம்பியூட்டரின் பற்றரியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்த ஜுனைதீன் மாஸ்டரின் கதை. அழுது வீங்கிய கண்களோடு எல்லோரும் சிரித்தார்கள். அவர்மேல் இருந்த அன்பினால்தான் சிரித்தார்கள். நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.  அவருடைய மனைவி கணவனுக்கான துக்கத் தனிமையில், இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆணான நான் அவர் முன்னால் போய் நின்று எதையும் சொல்ல முடியாது. அதுவரை பொறுத்திருந்தால் மறுபடியும் கோழையாகிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். ஆகவே அவர் வீட்டாருக்கும் ஊருக்குமாக இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், தட்டச்சு மட்டும் பழகினால் போதாது, கம்பியூட்டரும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். ஜுனைதீன் மாஸ்டர் கொழும்பில் இரண்டு கிழமை தங்கி, கம்பியூட்டர் பொருத்துகிற வேலையைப் படித்தார். முழுதாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. பாகங்களாக வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து பொருத்துவதென்று முடிவெடுத்தோம். வாங்குவதற்கு நானும் கொழும்புக்குப் போனேன். திரும்பி வரும் பஸ்ஸில் மொனிட்டரைப் பிள்ளையைப் போல அவர் மடியில் வைத்துக்கொண்டார். மதர்போட் இருந்த பை என்னிடம் இருந்தது.

வழியில் இராணுவச் சோதனைச்சாவடி ஒன்றில் எல்லோரையும் இறக்கி, பைகளோடு வரிசையில் நடக்கவிட்டார்கள். டோர்ச் பற்றரி இரண்டு கூட இருந்தால் குண்டு செய்யவா என்று ஆயிரம் கேள்வி கேட்ட காலம் அது. எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் நின்ற ஒருவரின் பையிலிருந்து பற்றரிகள் வெளியே வந்தன. அவரைத் தனியாக ஒதுக்கிக் குந்தவைத்தார்கள். நான் என் பைக்குள் பார்த்தேன். மதர்போட்டின் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியளவில் வெள்ளியாக ஒரு பற்றரி மின்னிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் எனக்குப் பின்னால் மொனிட்டரோடு நின்றார், அவரிடம் கேட்கத் திரும்பினால் சிப்பாய்களின் கண் என்மேல் விழும். என் வீட்டில் பிள்ளை பிறந்து இருபது நாள். நகத்தால் நெம்பிக் கழற்றி, செருப்பைச் சரிசெய்பவன்போலக் குனிந்து, றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்துவிட்டேன். 

எறிந்தும் தப்பவில்லை. வயர்களும் பலகைகளும் பெட்டியுமாகப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று விளங்கவில்லை. எங்கள் இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய துண்டொன்றைத் தந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பொருத்திய கம்பியூட்டரோடு இராணுவ முகாமுக்கு வந்து, அது கம்பியூட்டர்தான் என்று இயக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் அட்டை கிடைக்கும். காட்டாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அடையாள அட்டை இல்லாத ஆள் தெருவில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்த வருடங்களில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் மாஸ்டர் பொருத்தினார். சிஸ்டம் ஏற்றினார். ஒவ்வொரு பிளொப்பியாகப் போட்டு எடுத்தார். நடுவில் அது பலமுறை தானாக நின்று தானாக எழும்பியது. கடைசியில் திரையில் படம் வந்ததும் இருவரும் பிள்ளைகளைப் போலக் கைதட்டினோம். அதற்குப் பிறகுதான் முதல்முறையாகக் கரண்டை நிறுத்தி மூடிவைத்தார்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, புறப்படுமுன் ஒருமுறை போட்டுப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கைக் காணவில்லை என்றது. மாஸ்டர் கேபிளைக் கழற்றி மாட்டினார், நினைவகத்தைக் கழற்றி மாட்டினார், ஒவ்வொரு முறையும் அதே வரி. பிறகு செட்டப்பிற்குள் நுழைந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், இது எல்லாத்தையும் மறந்து போய் இரிக்கி. ஹாட் டிஸ்க்கே இல்லையாம். தேதியப் பாருங்க, எம்பதாம் வருஷமாம்." ஹாட் டிஸ்க்கின் எண்களைத் திரும்பக் கொடுத்தார். எழும்பியது. நிறுத்திப் போட்டார். மறுபடியும் மறந்திருந்தது.

"கரண்ட நிப்பாட்டினா மறக்குது. என்னத்துக்கு மறக்குது எண்டுதான் விளங்கல்ல" என்றார். அவர் கொழும்பில் படித்த பழைய போட்களில் பற்றரியை ஈயத்தால் ஒட்டியிருந்தார்கள், கழற்றும் வகையை அவர் பார்த்ததில்லை. நான் எறிந்த பற்றரிதான் அதன் ஞாபகம் என்று எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம், நேரமும் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகாமில் வைத்து எண்களைக் கொடுத்து எழுப்புவதென்று தீர்மானித்தார். எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் பதறிப்போனார். "நம்பர் எழுதின துண்டோட முகாமுக்குள்ள போறதா? வேற வினையே வேணாம்." மனப்பாடம் செய்தார். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கம்பியூட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டு போகையில் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. லேண்ட்மாஸ்டர் ஓட்டியவர் மாஸ்டர் துஆ ஓதுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஆமீன் சொன்னார்.

முகாமில் ஒரு மேசையைக் காட்டினார்கள். அதிகாரி கைகட்டி நின்றார். மாஸ்டர் சுவிட்சைப் போட்டார், அதே வெள்ளை வரி வந்தது. செட்டப்பிற்குள் போனார். முதல் எண்ணை அடித்தார், இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது. பயத்தில் எண் போய்விட்டது. எதையோ அடித்தார், வேலை செய்யவில்லை. இன்னொன்றை அடித்தார். அதுவும் இல்லை. பிள்ளையின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், அது நினைவில் வரவே மறுத்தது.

கண்ணாடி போட்ட சிப்பாய் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. மூடியைக் கழற்றி, கேபிளை விலக்கி, வெறுமையாக இருந்த அந்த வட்டக் கூட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அதிகாரியின் குரல் மாறியது. இதிலிருந்த பற்றரி எங்கே, யார் எடுத்தது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஜுனைதீன் மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வெறுங்கூடு எதற்கென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. என் முகத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சிங்களம் குறைவு என்று இந்த மூன்று வருடங்களாக எனக்கு நானே சாட்டுச் சொல்லி வந்திருக்கிறேன். 'நான்' என்பதற்கு 'மம' என்று சொன்னால் போதும் என்பது எனக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

"மம தமா, சேர். பய ஹிதுணா." நான்தான் ஐயா, பயம் வந்துவிட்டது.

எங்கே எறிந்தாய் என்று கேட்டார் அதிகாரி.  மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? ஒரு இடத்தைச் சொன்னால் ஆள் அனுப்பித் தேடுவார்கள், அங்கே இல்லாவிட்டால் பொய் பிடிபடும். அவருடைய முழங்கால்கள் சாரத்துக்குள் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.  அந்த நடுக்கத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன் ஐயா, எங்கே விழுந்ததென்று நான் பார்க்கவில்லை என்றார்.

கண்ணாடிச் சிப்பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு வாசலில் நின்றவர்கள், கடைசியில் அதிகாரி. அவரைப் பார்த்த எவரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. எறிந்தபோது என் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன, அது விழுந்த இடத்தை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

அந்தச் சிப்பாய் குனிந்து, டிஸ்க்கைத் தானாகவே தேடிக்கொள்ளும் வழி ஒன்று செட்டப்பிலேயே இருப்பதைக் காட்டிக்கொடுத்தார். திரையில் படம் வந்தது. அதிகாரி தன் பெயரை அடிக்கச் சொன்னார், மாஸ்டர் அடித்துக் காட்டினார். அட்டைகள் கைக்கு வந்தன.

திரும்பி வரும் வழியில், றோட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஒரு போக்கிற்குப் பக்கத்தில் லேண்ட்மாஸ்டரை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். வாயைக் கழுவிவிட்டுச் சொன்னார்:

"எனக்குப் பயந்து பழக்கம் மாஸ்டர். உங்களுக்குப் பழக்கமில்ல. ஒரு நாள் உள்ள வெச்சிருந்தா நீங்க தாங்கமாட்டீங்க. பச்சப் புள்ளக்காரி வேற ஊட்ட இரிக்கா."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. புதுப் பற்றரி ஒன்றைக் கொழும்பிலிருந்து யாரிடமோ சொல்லி எடுப்பித்து, அவரே போட்டார்.

அன்று முகாமுக்கு வெளியே காத்திருந்த லேண்ட்மாஸ்டர்காரர் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, ஒரு சிப்பாயிடம் விசாரித்து அறிந்திருந்தார். மஃரிப் தொழுகைக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. உண்மையைச் சொன்னால் அதிகாரியிடம் பொய் சொன்ன குற்றம் மாஸ்டர்மேல் வரும் என்று முதலில் பேசாமல் இருந்தேன். அது நியாயமான பயம். பிறகு அந்த நியாயம் தேய்ந்துபோனது, எனக்கு வசதி மட்டும் மிஞ்சியது. போன வருடம் ஒரு கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் அவரோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் கதையை நானே, ஆம், நானே, கண்ணை மூடி எறிவதுபோல நடித்துக்காட்டிச் சொன்னேன். அவர் இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "முழங்கால் அடிச்சத விட்டுட்டீங்களே மாஸ்டர்" என்று எடுத்துக்கொடுத்தார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அந்த வேளையை நினைத்தால் எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

இதை எழுதி முடித்து என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "அந்த முகாம் இன்னும் அங்கதான் இரிக்கி. மௌத்தாப்போன மனிசன இனி யாரும் ஒண்டும் செய்யேலா. நீங்க உசிரோட இரிக்கீங்க. என்னத்துக்கு இப்ப?" என்று கேட்டாள்.  அவள் சொல்வது சரி. பயமாகத்தான் இருக்கிறது. இந்தத் தாள்களை இரண்டு தடவை கிழித்து மூன்றாம் தடவையாக எழுதுகிறேன்.

ஜுனைதீன் மாஸ்டரின் மனைவியே, பிள்ளைகளே, அந்தக் கதையைத் தொடர்ந்து சொல்லுங்கள், நல்ல கதைதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தைரியம் வந்த பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று மூன்று வருடங்கள் காத்திருந்தேன், அது வரவேயில்லை. அவருக்கும் அன்று தைரியம் வந்திருக்கவில்லை. முழங்கால் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, கை நடுங்க, இதன் கீழே என் பெயரை எழுதுகிறேன்.

லாபிர்,
தட்டச்சு ஆசிரியர், கல்முனை.