தீர்த்தத்துக்கு நீட்டிய கை

1993ஆம் வருடம், ஐப்பசி மழை. வீட்டில் எல்லோருக்கும் சளி. எனக்கும் என் மனைவி ராஜத்துக்கும் மூத்த மகளுக்கும் மூன்றே நாளில் விட்டுப்போனது. நாலு வயதுச் சின்னவள் கோதைக்கு மட்டும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பிள்ளை சாப்பிடவில்லை. தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. ஒரே வீடு, ஒரே சளி. இவளை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். மெஷினில் சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பெற்ற பிள்ளை அனத்துகிறாள், எங்கே கோளாறு என்று தெரியவில்லை. அடியார்கள் மன்னிக்க வேண்டும், அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான்.

டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் கழித்துக் காட்டச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்தது. அதைப் பார்த்ததும் ராஜம் சிரப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"மணல்வாரி அம்மை போட்டிருக்கு. இனி மருந்து ஊத்தக் கூடாது. அம்மா வீட்டுக்கு வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை சொருகினாள். தாளிப்பு நின்றது. எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் மாரியம்மனே வந்து தங்கியிருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அவளாக இறங்கும்வரை ஊசி கிடையாது, மருந்து கிடையாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான், சரி என்றேன். ஆனாலும் மனசு அரித்தது. மணல்வாரி என்றால் மூக்கும் கண்ணும் ஒழுகுமே. இவளுக்குக் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. உதடு வெடித்துவிட்டது. நாக்கு மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கிறது. பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"அம்மை ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு மாதிரி வரும் தம்பி" என்றார். அதற்குமேல் நான் யாரைக் கேட்பது?

எங்களுக்கு எல்லாமே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்தான். பிள்ளைக்குப் பெயரே அவள் பெயர். ஒரு நடை போய்ச் சேவித்துவிட்டு வரலாம் என்று சட்டையை மாட்டினேன். ராஜம் மறித்தாள்.

"மாரியாத்தா நம்ம வீட்ல இருக்கையில இன்னொரு வாசல்ல போய் நிக்கப் போறீகளா? போவாதீக. பிள்ளைக்கு ஆகாது."

யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதிலும் எனக்குக் குழப்பம். கடைசியில், கொல்லையில் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக ஆண்டாளிடம் சொன்னேன். குணமாக்கு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. "தாயே, இது என்னன்னு எனக்குக் காட்டு. புரியாமக் கிடந்து தவிக்கேன். பிள்ளையோட உன் சன்னதிக்கு வாரேன்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அழுதேன். யாருக்கும் தெரியாது.

பதினோராம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. அம்மை இறங்கினால் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரில் இரண்டு ஊற்றினோம். விரல் நுனிகளில் நகத்தை ஒட்டித் தோல் உரிய ஆரம்பித்தது. தோல் உரிந்தால் அம்மை இறங்கிவிட்டது என்று ராஜம் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது என்ன என்று எனக்குக் காட்டவில்லையே என்று ஒரு குறையும் இருந்தது. பிழைத்ததே பெரிசு, இதில் என்ன விளக்கம் வேண்டிக் கிடக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினேன். அடுத்த வாரம் எனக்கு ஷிஃப்ட் மாறுகிறது, காத்திருக்கப் பொறுமை இல்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்று ராஜம் சண்டை போட்டாள். நானும் கத்தினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சன்னதியில் பட்டர் தீர்த்தம் கொடுத்து வந்தார். கோதை என் இடுப்பில் இருந்தபடியே கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அந்தக் கையையே பார்த்தார். கண்ணாடி போட்டவர், முப்பது வயதுகூட இருக்காது. சடாரி வாங்கத் தலை குனியக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கூப்பிட்டார்.

"அண்ணே, பாப்பாவுக்கு எத்தனை நாள் காய்ச்சல் இருந்துச்சு? கண்ணு செவந்துச்சா? உதடு வெடிச்சுச்சா?"

வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் மாதிரி வரிசையாகக் கேட்டார். இந்த ஊர்ப் பெண்தானாம். மதுரையில் குழந்தை மருத்துவம் படிக்கிறவர், லீவுக்கு வந்தவர். நோயின் பெயரைச் சொன்னார். கவாசாகி. எங்கள் சூப்பர்வைசர் ஓட்டும் பைக்கில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். கேலி செய்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா. ஏம்மா பயங்காட்டுதீக?"

"அது ஒரு ஜப்பான் டாக்டர் பேருண்ணே. காய்ச்சல் போனாலும் நெஞ்சுல ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். வெளிய தெரியாது. நாளைக்கே மதுரைக்கு வாங்க."

அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் ஆஸ்பத்திரி விலாசம் எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்ல வந்த இடத்தில் இப்படி ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறாளே என்று ஆண்டாள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் பயந்துபோய் ராஜமும் கிளம்ப, மூவரும் மதுரை போனோம். இதயத்தைப் படமாகக் காட்டும் ஸ்கேனில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று புடைத்திருந்தது. வீடு முழுக்க வந்த சளியால்தானா என்று கேட்டேன். ஒரு வைரஸ் கிளப்பிவிட்டிருக்கலாம், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார் பெரிய டாக்டர். ராஜம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப இது அம்மை இல்லையா?"

"இல்லைம்மா."

திரும்பி வரும்போது பஸ் கல்லுப்பட்டி தாண்டியது. ராஜம் என் பக்கம் திரும்பி, "அம்புட்டு நாளும் பிள்ளையை நான் மருந்து குடுக்காம வச்சிருந்தேனா?" என்றாள். "நானுந்தான் வச்சிருந்தேன்" என்றேன்.

தினமும் அரை மாத்திரை. ரத்தம் கட்டாமல் இருக்க. அந்த மாத்திரை சாப்பிடும்போது ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் மாத்திரையே ஆபத்தாகிவிடும், உடனே ஓடிவாருங்கள் என்றார்கள். தெருவில் யார் தும்மினாலும் எங்களுக்கு உயிர் போகும். அப்படி ஒன்றரை வருடம். 1995 சித்திரையில் எடுத்த ஸ்கேனில் வீக்கம் இல்லை. குழாய் பழையபடி இருந்தது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி வற்றிவிடும், சிலருக்கு வற்றாது, யாருக்கு எது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

காய்ச்சலை இறக்கியது யார், குழாயை வற்ற வைத்தது யார், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நான் கேட்டதை ஆண்டாள் காட்டினாள். அது மட்டும் தெரியும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் பேரப்பிள்ளைக்கு உடம்பு தடித்தது. ராஜம் போய்க் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாக் காய்ச்சல்?" அவர்கள் வேப்பிலை தேடிக்கொண்டிருக்க, இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள். பார்த்தால் அசல் மணல்வாரிதான். தெருவே சிரித்தது. "சிரிக்கட்டும். என்னன்னு தெரிஞ்சு போச்சுல்ல" என்றாள்.

உங்கள் பிள்ளைக்கு ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால், கண் சிவந்தால், ஆண்டாள் தாயிடம் சொல்லிவிட்டு அப்படியே டாக்டரிடம் கிளம்புங்கள். வெறும் அம்மைதான் என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், அதற்கும் அவளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வீடு வாருங்கள்.