அருளப்புவின் மூக்கில் அடித்த சோளகம்

முல்லைத்தீவுக் கரையில் அருளப்பு நித்திரை கொள்வதில்லை என்பது நாய்களுக்குக்கூடத் தெரிந்த செய்தி. மாசியில் வள்ளம் கவிழ்ந்து, விடியும்வரை அதைக் கட்டிப்பிடித்துக் கிடந்து தப்பி வந்த நாளிலிருந்து இப்படித்தான். வீட்டில் கண்ணை மூடினால் தண்ணீர். தொழிலுக்குப் போனால் தூங்கி விழுவார். இரண்டு முறை வலையோடு தானும் கடலுக்குள் இறங்கிவிட்டார்.

வள்ளத்துக்காரர் பேதுரு சம்மாட்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றைக்கு அதே வள்ளத்தின் மறுபக்கத்தில் தொங்கிக் கிடந்த ஆள்தான் அவரும்.

"வாற ஞாயிறுக்குள்ள ஒழுங்கா நித்திரை கொள்ளு. இல்லாட்டி உன்ர இடத்துக்கு வேற ஆளைப் பிடிப்பன்."

கடலைவிட்டால் வேறு தொழில் தெரியாத மனிதன் எங்கே போவது? பயந்துபோய் பஸ் ஏறி உருத்திரபுரம் போனார். அங்கே மயில்வாகனம் என்று ஒருவர், கப்பலில் பன்னிரண்டு வருடம் சமைத்துவிட்டு இப்போது நெல் விதைக்கிறவர். நித்திரை வராத கப்பல்காரருக்கென்று ரங்கூனில் ஒரு பிக்கு சொல்லிக்கொடுத்த தியானம் அவரிடம் இருந்தது.

"சம்மணம் கட்டி இருங்கோ. கண்ணை மூடுங்கோ. மூச்சு உள்ளுக்குப் போகுது, வெளியில வருது. சும்மா பாருங்கோ."

"பாத்து என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யக்கூடாது."

அங்கேதான் சனி பிடித்தது. காற்றைச் சும்மா பார்க்கிற கடற்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? வீடு திரும்பிக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் ஆகவில்லை, வலது மூக்கில் மூச்சுப் பலமாக வந்தது. "சோளகம் தூக்குது" என்று, கடலில் தென்காற்றைக் கண்டவர்போல முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அது இடது மூக்குக்கு மாறியது.

"ஐயோ ஜோசப்பின், வாடை திரும்பிட்டுது! வள்ளத்தை ஏத்திக் கட்டச் சொல்லு!"

"இஞ்சேருங்கோ, உங்கட மூக்குக்குள்ள ஆர் வள்ளம் விட்டது?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை மத்தியானம் சம்மாட்டி சோதிக்க வந்தார். அருளப்பு துணிந்து ஒரு புளுகு விட்டார். "வித்தை பிடிபட்டிட்டுது சம்மாட்டியார். நல்ல நித்திரை."

பேதுரு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையோடா? எனக்கும் ஒருக்காச் சொல்லித் தா. மாசியில இருந்து நானும் கண் மூடேல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அட பாவி மனுசா! அருளப்புவுக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாயில் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார். பத்தே மூச்சு, சம்மாட்டியின் தலை சரிந்து குறட்டை கிளம்பியது.

அருளப்பு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு இருட்டில் வள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து கேட்டதும் இந்த மூச்சுத்தான். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை தான் தனியாக இல்லை என்று அன்றைக்குத் தைரியமாகக் கிடந்தார். இப்போது அதில் சோளகமும் இல்லை, வாடையும் இல்லை.

தேத்தண்ணியோடு வந்த ஜோசப்பின் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, இரண்டு குறட்டை. அவளுக்கு அழுகை வந்தது.

பின்னேரம் வள்ளம் தள்ள வந்தவர்கள் படலையில் நின்று கூப்பிட்டார்கள். "அக்கா, சோதினை முடிஞ்சுதோ? அண்ணை பாஸோ?"

"ரெண்டு பேரும் பாஸ்," என்று படலையைச் சாத்தினாள் ஜோசப்பின். "சத்தம் போடாமல் போங்கோ."