பின் சீட்டின் நடுக்கம்

யாருடைய கார் ஆடினாலும் மெக்கானிக் அண்ணனிடம்தான் கொண்டுவருவார்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், சீட் ஆடினால் பின் சக்கரம், பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் டிஸ்க் என்று ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

முதுகில் ஆபரேஷன் ஆன மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் தொடங்கியபோது அவருடைய காரே ஆடியது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் பின் சீட் நடுங்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊரார் காரெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகுது, நம்மளது மட்டும் டான்ஸ் ஆடுது" என்பாள்.

சக்கரங்களை பேலன்ஸ் செய்தார். டயர், பேரிங், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார். ஆட்டம் போகவில்லை. தெரிந்த இன்னொரு மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்தார். "உங்களுக்கே பிடிபடலன்னா நான் என்னண்ணே சொல்றது?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த முறை போகும்போது அவள், "இன்னைக்கு ஆட்டமே இல்லீங்க. சரி பண்ணிட்டீங்க போல" என்றாள்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, சரியாயிடுச்சு" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அப்போதும் லேசாக ஆடியது. அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.